கலண்டரில் பதினாலாம் இலக்கம்

லாச்சப்பல், பாரிஸ்
7 ஜனவரி 2024

அன்பு மகள் கஜனிக்கு,

அம்மாதான். அப்பாவும் நானும் நல்ல சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கணுக்கால் நோவு எப்படி என்று கேட்டால் மட்டும் உனக்கு உடனே லைன் கட்டாகிவிடுகிறது.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ பிரெஞ்சில் பத்துச் சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. சின்ன வயதில் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை இன்றைக்குத்தான் எடுக்கப் போகிறேன். எழுத்துக் கூட்டியாவது முழுவதையும் வாசி.

முதலில் சந்தோஷமான செய்தி. இதோடு வருகிற அட்டைக் குழாயைத் திறந்து பார். என் முதலாளி பொன்னம்பலம் மாமாவின் கடைக் கலண்டர் அது. வழக்கமாக முருகன் இருப்பார், இல்லாவிட்டால் இலட்சுமி இருப்பாள். இந்த வருஷம் நீ இருக்கிறாய்! ஒற்றைக் கையில் கூடைப்பந்தோடு எம்பி நிற்கிறாய், நெஞ்சில் கல்லூரியின் பெயரும் பதினாலாம் இலக்கமும் பளிச்சென்று தெரிகின்றன. மேலே ‘அமெரிக்காவில் சாதிக்கும் எங்கள் கஜனியை வாழ்த்துகிறோம்’ என்று போட்டிருக்கிறார். அடியில் கடைப் பெயரும் போன் நம்பரும் ‘குத்தரிசி, உடன் மீன் மலிவு விலையில்’ என்பதும் இருக்கின்றன. யாரை வாழ்த்தினாலும் கூடவே தங்கள் கடையையும் போடாவிட்டால் நம்மவர்களுக்கு வாழ்த்தியது போல இருக்காது. அதைப் பார்த்துச் சிரிக்காதே. மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே நீ பந்து பழகிய காலத்தில் உனக்கு முதல் பந்து வாங்கித் தந்தவர் அவர்தான்.

இப்போது நீ தொங்காத இடமில்லை. சலூனில் இருக்கிறாய், தேத்தண்ணிக் கடையில் இருக்கிறாய், புறநகர் ஓல்னே-சூ-புவாவில் நம்மவர்களின் முக்கால்வாசி வீடுகளில் இருக்கிறாய். கார் து நோர் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒரு மனிசி என்னை மறித்து, “கலண்டர்ப் பிள்ளையின்ரை அம்மா நீங்கள்தானே?” என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு அரிசி மூட்டை பாரமாகத் தெரியவில்லை. அப்பாவோ நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பிய பதினாலாம் இலக்கச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். கம்பளிச் சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு ரெஸ்ரோரன்ட் குசினி வேலைக்குப் போகிறார். வயிற்றடியில் இலக்கம் இழுபட்டு நிற்கிறது, சொன்னால் கேட்கிறாரில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். உங்கள் அணிப் பிள்ளைகள் தொழிற்சங்கம் அமைக்கப் போவதாகப் புதுவருஷத்தன்று சொன்னாய். கல்லூரி உங்களை வேலையாட்களாக ஏற்றுச் சம்பளம் தரவேண்டுமாம், விளையாடிக் காயப்பட்டால் படிப்பு முடிந்த பிறகும் வைத்தியச் செலவைப் பார்க்கவேண்டுமாம். அதற்கான அட்டையில் கையெழுத்துப் போடச் சொல்லி உன் அறைத் தோழி ஜெனவியேவ் தந்திருக்கிறாள். நீ என்னிடம் கேட்டாய். என் பதில் இதுதான்: போடாதே.

பந்து விளையாடுவது எப்படியம்மா வேலையாகும்? விடியுமுன் எழும்பிப் பழகுகிறோம், பஸ்ஸிலேயே படிக்கிறோம், பரீட்சையைக்கூட ஆட்டத்துக்காக மாற்றுகிறோம் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. ஆனால் படிப்பு, அறை, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் அவர்கள் தருகிறார்கள். நீ அங்கே மாணவ விசாவில் இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளை. கொடி பிடிக்கிற வேலை சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சரிவரும்.

உன் அப்பாவிடம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே “போடச் சொல்லும்” என்றார், வேறு கதையில்லை. அவருக்கு அது லேசு. 2009-இல் விசா இல்லாமல் குசினிகளில் வேலை செய்தவர்கள் சங்கத்தோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது நீ ஏழு வயதுப் பிள்ளை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்காரர்களோடு ரெஸ்ரோரன்ட் வாசலில் குந்தியிருந்தார், நான் உன்னை வைத்துக்கொண்டு நெஞ்சிடியோடு இருந்தேன். கடைசியில் அவருக்கு விசா கிடைத்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவர் கேட்டுப் பெற்றது அது. நீ கையில் இருப்பதை வைத்துச் சூதாடப் போகிறாய்.

படி, விளையாடு, சாப்பிடு. அந்த அட்டையை ஜெனவியேவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடு. பிள்ளையார் உன்னோடு இருப்பார்.

அன்பு மாறாத அம்மா,
யோகராணி


லாச்சப்பல், பாரிஸ்
11 பெப்ரவரி 2024

என் செல்ல மகள் கஜனிக்கு,

நீ போனில் அழுத பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழாதே. நடந்ததில் உன்னுடைய பிழை ஒரு துளியும் இல்லை. எங்கள் வீட்டு வாழ்த்து இப்படி உன் காலை வாரிவிடும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

யாரோ ஒருத்தர் பெருமைக்காகக் கலண்டரைப் படமெடுத்து முகநூலில் போட, அது சுற்றிச் சுற்றி உன் கல்லூரி விதிமுறை அலுவலகம் வரை போயிருக்கிறது. கல்லூரிச் சட்டையோடு நீ குத்தரிசி விற்கிறாயாம். அனுமதியில்லாமல் படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தாயாம், மாணவ விசாக்காரி அதற்குக் காசு வாங்கியிருந்தால் விசாவுக்கே கேடாம், விசாரணை முடியும்வரை ஆட்டத்தில் இறங்கக் கூடாதாம். நீ ஒரு சதமும் வாங்கவில்லை என்று பொன்னம்பலம் மாமா பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கலியாணத்துக்குக்கூட அந்த மனிதர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

கலண்டரை எல்லாம் திருப்பி எடுக்கவேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் கேட்டபடியால், மாமாவும் அப்பாவும் கடைத் தள்ளுவண்டியோடு ரயில் ஏறி ஓல்னேக்குப் போனார்கள். ஒருவரும் கொடுக்கிறார்களில்லை. தாட்சாயினி அக்கா கதவில் நின்று, “எங்கடை பிள்ளையின்ரை படத்தை நான் ஏன் தரவேணும்? அப்ப நான் நாள் பாக்கிறது எதிலை?” என்று சண்டைக்கு வந்தாளாம். கடைசியில் மாமா கத்தரிக்கோலை எடுத்து அடியில் இருந்த கடைப் பெயரையும் போன் நம்பரையும் அரிசியையும் மீனையும் வெட்டி எடுத்திருக்கிறார். வெறும் வாழ்த்து மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு வீடு வீடாக அதே வேலை. தன் கடைப் பெயரைத் தானே வெட்டுகிற முதலாளியை லாச்சப்பலில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெட்டிய துண்டுகளோடு கடைக்குத் திரும்பி வந்தவர், அப்பாவின் முதுகைப் பார்த்தார். அப்பா அந்தப் பதினாலாம் இலக்கச் சட்டைதான் போட்டிருந்தார். “உந்தச் சட்டையை ஆர் விக்கிறது, தங்கச்சி?” என்று என்னிடம் கேட்டார். கல்லூரிக் கடையில்தான் விற்கிறார்கள், கஜனி வாங்கி அனுப்பினாள் என்றேன். “காசு குடுத்தோ?” என்றார். ஓம் என்றேன். “அப்ப அவையள் அவளின்ரை இலக்கத்தை அவளுக்கே விக்கலாம், நான் அவளை வாழ்த்தக் கூடாதோ?” என்றார்.

கஜனி, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உங்கள் விளையாட்டரங்க வாசலில் நீ ஆளுயரத்துக்கு நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினாயே, அதை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. அது மட்டும் விளம்பரம் இல்லையா? பொன்னம்பலம் மாமா என் முதலாளி. கடை பூட்டிய பிறகு என் முகம் எந்தச் சுவரில் தொங்கலாம் என்று அவர் எனக்குச் சட்டம் போட்டதில்லை. விளையாட்டு என்றால் விளையாட்டாக விடவேண்டும். இவ்வளவு சட்டம் போடுகிறவர்கள் முதலாளிகள்தான், அதைச் சொல்ல மட்டும் அவர்களுக்கு மனமில்லை.

இன்னொன்றும் எனக்குத் துப்பரவாகப் பிடிக்கவில்லை. நீ அட்டையில் கையெழுத்துப் போடாதது புத்திசாலித்தனம், இப்படியே ஒதுங்கி இருந்தால் கலண்டர் விஷயம் தானாக ஆறிவிடும் என்று உன் கோச் தோளில் தட்டிச் சொன்னாராம். நீ அதை ஆறுதலாகச் சொன்னாய், எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. போடாதே என்று சொன்னவள் நான். உன்னைப் பெற்ற உரிமையில், உன் விசாவை நினைத்துப் பயந்து சொன்னேன். அந்த ஆள் எந்த உரிமையில் சொல்கிறார்?

பொறுத்திரு. கணுக்காலுக்கு ஓய்வு கிடைத்தது என்று எண்ணிக்கொள். நான் யோசித்து எழுதுகிறேன்.

உன்னை நினைத்தபடி,
அம்மா


லாச்சப்பல், பாரிஸ்
25 பெப்ரவரி 2024

என் தங்க மகள் கஜனிக்கு,

நேற்று ஜெனவியேவ் எனக்கு போன் எடுத்தாள். கனடாவில் பிறந்தவள் என்றாலும் நல்ல பிரெஞ்சு. என்னைப் பிரெஞ்சில் மமோன், அம்மா என்றே கூப்பிடுகிறாள், நானும் மறுக்கவில்லை. உன்னை மறுபடி ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள் என்பதை நீ சொன்னாய். எப்படி இறக்கினார்கள் என்பதை அவள்தான் சொன்னாள். அணி முழுக்க அந்த அலுவலகத்துக்குள் போய், நான் உனக்கு அனுப்பிய, வெட்டின கலண்டரின் படத்தை மேசையில் வைத்து, இதில் என்ன குற்றம் என்று கேட்டார்களாம். கஜனி இல்லாமல் நாங்கள் சனிக்கிழமை சப்பாத்துப் போடமாட்டோம் என்றார்களாம். பின்னேரமே விசாரணை முடிந்துவிட்டதாம்!

நீ அவர்களுடைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தவள். அது தெரிந்தும் அவர்கள் போனார்கள். நான் அதைக் கேட்டுவிட்டுக் கடையின் பின்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். கடலைப்பருப்பு மூட்டையின் மேல் குந்தி அழுததை மாமா கண்டுவிட்டு, தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார்.

சங்கம் வேண்டுமா இல்லையா என்று கேட்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி அரச அலுவலகத்திலிருந்து வந்து வாக்குப்பெட்டி வைக்கிறார்கள், அட்டையில் கையெழுத்துப் போடாதவர்களும் வாக்களிக்கலாம் என்று அவள் சொன்னாள். உனக்கு இரண்டு மனம், அம்மா சொன்னதை எப்படி மீறுவது என்று யோசிக்கிறாய் என்றும் சொன்னாள். அது பழைய சொல். நான் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. அப்பாவிடம் சொன்னேன். வழக்கம்போல வெங்காயம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். சிரித்தார். “அண்டைக்கே சொன்னனான்” என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அன்றைக்கு இரவு அவருக்குச் சோறு கிடைத்திருக்காது.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். விசாவுக்கு ஏதும் நடந்தால், படிப்பு பாதியில் நின்றால் என்று இரவில் எழும்பி எழும்பி யோசிக்கிறேன். ஆனால் உன்னை ஒதுக்கி வைத்த அன்றைக்கு நீ ஒரு அட்டையிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லையே. ஒதுங்கி நின்றதால் உனக்கு ஒரு காப்பும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளால்தான் கிடைத்தது. நாளைக்கு அவர்களில் ஒருத்திக்குக் கால் உடைந்தால், நீயும் அந்த அலுவலகத்துக்குள் போகிறவளாக இருக்கவேண்டும்.

எது நடந்தாலும் கார் து நோரில் வந்து இறங்க உனக்கு ஒரு ஊர் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே அந்தக் கூடை இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது, இப்போது வலைகூடப் போட்டிருக்கிறார்கள். இதை நீ தோற்று வரவேண்டும் என்பதற்காக எழுதவில்லை. வரும் இடம் தெரிந்தால் நிற்கும் இடத்தில் கால் உறுதியாக நிற்கும் என்பதற்காகத்தான்.

எங்கள் வீட்டுக் கலண்டரை மாமா வெட்ட வந்தார், நான் விடவில்லை. அரிசி, மீன், போன் நம்பர் எல்லாத்தோடும் குசினிச் சுவரில் நீ முழுதாக இருக்கிறாய். இதை எழுதுமுன் அதில் நாள் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை இராகுகாலம். காலையிலேயே முழுகி, சாப்பிட்டு, ஜெனவியேவையும் கூட்டிக்கொண்டு போய் வாக்கைப் போடு. நல்ல காரியத்தை இராகுகாலத்தில் செய்யக் கூடாது.

என்றும் உன் பக்கத்தில் நிற்கும்
அம்மா