“ஓம் டொக்டர், ஒழுங்காப் போறா”

மச்சாள்,

இன்று காலை ஃபிரிட்ஜைக் கழுவினேன். நேற்று முழுக்க மின்சாரம் இல்லை. கதவைத் திறந்ததும் புளிப்பு மணம் முகத்தில் அடித்தது. தயிர்ச் சட்டியை எடுத்துவிட்டுப் பின்னால் கையை விட்டபோது உம்முடைய மருந்துக் குளிசைப் போத்தல் அகப்பட்டது. கனடாவிலிருந்து உம்முடைய தம்பி அனுப்பியது. அடியில் நாலு குளிசை மிச்சம் கிடந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். நீர் போய் எட்டு மாதமாகிறது. என் திகைப்பு இன்னும் முதல் நாளில்தான் நிற்கிறது.

அந்தப் பார்சல் வந்த நாள் நினைவிருக்கிறதா? தம்பி தொலைபேசியில் பாடம் நடத்தினான். “அக்கா, கிட்னி பழுதானா குடலும் பழுதாகுமாம். இதுக்குள்ள நல்ல கிருமி இருக்கு. உள்ளுக்குள்ள இருக்கிற அழற்சியைக் குறைக்கும் எண்டு சொல்லுகினம்.” நீர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர். “கிருமியைப் பார்சலில அனுப்பியிருக்கிறான்! உவனுக்கென்ன விசரே?”

கிருமி என்றால் வருத்தம் தருவது என்றுதான் நாம் இருவரும் அறுபது வயதுவரை நம்பியிருந்தோம். தயிரிலும் அந்தச் சாதிக் கிருமிதான் இருக்கிறது என்று அவன் விளக்கியதும் உமக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. ஒரு குளிசையை உடைத்து இளஞ்சூட்டுப் பாலில் கொட்டினீர். மறுநாள் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது. சிறுநீரகம் பழுதான உமக்குப் பாலும் தயிரும் குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் கட்டளை. ஆகவே, “நீங்களாவது தின்னுங்கோ” என்று எங்களுக்கே அள்ளி வைத்தீர். உம்முடைய வயிற்றுக்கு வந்த மருந்தை நானும் என் மனுசனும் சோற்றோடு பிசைந்து தின்றோம். என் மனுசன், உம்முடைய அண்ணை, ஏப்பம் விட்டுக்கொண்டு, “தங்கச்சி, உன்ர கிருமி நல்ல ருசி” என்று பகிடி பண்ணினார். நீரும் சிரித்தீர்.

உம்முடைய வயிறு என்ன பாடு படுகிறது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது மெல்லச் சொன்னீர். “வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடாது. தண்ணியும் அளந்து குடி எண்டினம். பிறகு எப்பிடி மச்சாள் வெளிக்குப் போறது? இண்டைக்கு ஆறு நாள்.” கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுவோம் என்றேன். “ஓம் ஓம், சொல்லுவம்” என்றீர். அந்த இழுவையிலேயே நான் விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில்தான் அடுத்த ஆளுக்கும் கதிரை. நாம் போய் இருந்தபோது அந்தக் கதிரையில் வந்து இருந்தவர் யார்? உம்முடைய மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த புங்குடுதீவு மாப்பிள்ளையின் தகப்பன். சாதகம் பொருந்தியாயிற்று, நாள் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் எழுந்து, “சும்மா ஒரு செக்கப்புக்கு வந்தனான்” என்றார். நீரும், “நாங்களும் சும்மாதான்” என்றீர். சிறுநீரகக் கிளினிக்குக்குச் சும்மா வருகிறவர்கள் நம் தீவுப் பகுதியில் மட்டுந்தான் இருப்பார்கள்.

டொக்டர் பொடியன் நல்ல தமிழில்தான் கேட்டார். “அம்மா, ஒழுங்கா வெளிக்குப் போறனீங்களோ?”

நீர் நிலத்தைப் பார்த்தீர். சேலைத் தலைப்புக்குக் கீழால் என் கையைக் கிள்ளினீர். சம்பந்தியாகப் போகிற மனிதர் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். டொக்டர் இப்போது என்னைப் பார்த்தார்.

“ஓம் டொக்டர், ஒழுங்காப் போறா” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். திரும்பி வரும் பஸ்ஸில், “நல்ல காலம் நீர் சொல்லேல்லை, மனுசன் காதைத் தீட்டிக்கொண்டெல்லோ இருந்தவர்” என்று வாயைப் பொத்திச் சிரித்தீர். கடலுக்கு மேலால் போகும் தாம்போதி முடியும்வரை நானும் சேர்ந்து சிரித்தேன்.

கிளினிக்கால் வந்த மூன்றாம் நாள் முற்பகல். தேங்காய் திருவிக்கொண்டிருந்த நீர் கதிரையில் போய் இருந்தீர். “கால் இரண்டும் ஏலாமக் கிடக்கு மச்சாள்” என்றீர். கொஞ்ச நேரம் படுத்திரும் என்றேன். படுத்திரும் என்றேன்! அரை மணித்தியாலம் கழித்து உம்முடைய முகத்தைப் பார்த்துப் பயந்துதான் வாடகை வான் ஒன்றைக் கூப்பிட்டோம். அல்லைப்பிட்டித் தேவாலயத்தைத் தாண்டும்போது உம்முடைய தலை என் தோளில் சரிந்தது. நித்திரை என்று நினைத்து ஆடாமல் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் விளங்கிற்று.

கிளினிக்கில் எடுத்த இரத்தத்தின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றிருக்கிறது. ஒரு கிழமை கழித்து டொக்டரிடம் தனியே போய் உண்மையைச் சொன்னேன். பேனையை மேசையில் வைத்தார்.

“அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது, அம்மா. ஆனா கிட்னி ஏலாத ஆக்களுக்குக் குடல்தான் கொஞ்சம் கை குடுக்கிறது. கிட்னியால போக வேண்டிய பொட்டாசியத்தில ஒரு பங்கு குடலாலதான் போகும். அது நாள்கணக்காப் பூட்டிக் கிடந்தா எல்லாம் உடம்பிலதான் நிக்கும். அங்க இருக்கிற கூடாத கிருமிகளும் பெருகும், அதின்ர நஞ்சு இரத்தத்தில கலந்து உடம்பு முழுக்க அழற்சி வரும். சொல்லியிருந்தா மருந்து தந்திருப்பன்.”

உம்முடைய தம்பியின் குளிசையைப் பற்றியும் கேட்டேன். சிலருக்குச் சின்ன உதவி செய்யலாம், அதை நம்பி இருக்க ஏலாது என்றார். அவர் என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு மேல் திகைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். உம்முடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சம்பந்தி வந்தார். சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு என்னிடம் வந்து நின்றார்.

“தங்கச்சி, அண்டைக்கு டொக்டர் கேக்கேக்க நான் பக்கத்திலதான் இருந்தனான். உங்கட மச்சாள் இல்லையெண்டு சொன்னா நானும் துணிஞ்சு சொல்லலாம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ஓம் எண்டிட்டியள். பிறகு என்னைக் கேட்டவர். நானும் ஓம் எண்டிட்டன்.”

யாருக்குக் கேட்கக்கூடாது என்று மறைத்தோமோ, அந்த மனிதர் நாம் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

“இப்ப எப்பிடி?” என்றேன்.

குனிந்துகொண்டு, “ஐஞ்சு நாள்” என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் வாய் திறக்குமுன்னே, வரிசை முழுக்கக் கேட்கட்டும் என்று, “டொக்டர், இவர் ஆறு நாளா வெளிக்குப் போகேல்லை” என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்றே வார்டில் மறித்துப் படுக்க வைத்து, இரத்தம் பார்த்து, மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். ஆண்டுத் திவசம் முடிய உம்முடைய மகளுக்கு நாள் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் பக்கத்தில் தகப்பன் நிற்பார்.

வெளிக்குப் போகேல்லை என்ற அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மூச்சுக்கூட முழுதாய்ச் செலவாகவில்லை, மச்சாள். அன்று உம்முடைய பக்கத்தில் இருந்தபோதும் அது என் வாயில்தான் இருந்தது.