கடைசித் தட்டு

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. முகாம் முடியும்வரை கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், கடிதம் மட்டும்தான் வரலாம் என்று நீ சொன்னபோது எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். தொலைபேசியில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். தப்பித்தவறி என் கைக்கு வந்தால் நீ "சரிப்பா, வச்சிடறேன்" என்பாய். கடிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது. ஆகவே சாவகாசமாக எழுதப்போகிறேன். உட்கார்ந்து படி. அங்கே உட்கார அனுமதி வாங்க வேண்டுமென்றால் நின்றுகொண்டே படி.

இங்கே எல்லாரும் நலம். அண்ணன் கடைக்குப் போகிறான், வருகிறான். ஊரார் கைபேசியைப் பழுது பார்த்தது போக மீதி நேரத்தில் தன் கைபேசியைப் பார்க்கிறான். நீ கிளம்பிய மறுநாளே உன் அறையைப் பிடிக்கப் பார்த்தான். அம்மா போட்ட சத்தத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பயிற்சி காருக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று. இப்போது ஒரு பல் டாக்டர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறார். அடுத்தவர் பல்லைக் குடையும்போது கை நடுங்காத மனுஷர், எதிரே ஒரு சைக்கிள் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நல்லவேளை, என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது.

அந்தப் பிரேக்கைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் பிழைப்பே அதன்மேல் காலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருப்பதுதான். தொட்டதற்கெல்லாம் அழுத்தினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கடைசிவரை ஓட்ட வராது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், தோழிக்குத் துணையாக ராணுவ அதிகாரிப் பயிற்சியில் பெயர் கொடுத்தேன், அவள் காலையில் எழுந்திருக்க முடியாமல் விலகிவிட்டாள், நான் நின்றுவிட்டேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்கு எனக்குக் கால் துடித்தது. ஆனால் நம்பவும் முடியவில்லை. எட்டு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தால் மறுபக்கம் திரும்பிப் படுக்கிற பெண், விடிவதற்கு முன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வருஷமாகத் தெளியவில்லை.

உன் அம்மாவை நீ குறை சொல்லக் கூடாது. எலும்பு முறிவு வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் அவள். மாடிப்படியில் வழுக்கியவர்கள், வண்டியிலிருந்து விழுந்தவர்கள் என்று நாள் முழுக்க முறிந்த கைகால்களோடுதான் அவளுக்குச் சகவாசம். ராணுவத்திலிருந்து வந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். அவர்களைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். அப்படிப்பட்டவளிடம் நீ முகாமுக்குக் கிளம்புகிற அன்றைக்கு வந்து நின்று, முகாமின் கடைசி நாளில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம் ராணுவம், சட்டப்படி என் ஒருத்தியின் கையெழுத்தே போதும், ஆனால் "நீ சரின்னு சொல்லாம நான் போடமாட்டேம்மா, திரும்பி வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். நீ ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதாக நினைத்திருப்பாய். பாரத்தை முழுக்க அவள் தலையில் இறக்கிவைத்தாய் என்று நான் நினைத்தேன்.

சரி, அதற்கு முந்தைய வாரம் நடந்த மீன் விவகாரத்துக்கு வருகிறேன். அது உன் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துக் கதையைக் கேள்.

விடுமுறைக்கு நீ வந்த முதல் நாள் சாப்பிட உட்காரவில்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்றாய். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எங்களுக்குள் மாநாடே நடந்தது. வயிற்றில் ஏதோ கோளாறு என்றாள் அம்மா. யாரையோ காதலிக்கிறாள், அதுதான் பசியில்லை என்றான் அண்ணன். கைச்செலவுக்கு அனுப்பியது போதவில்லை, கோபத்தைச் சோற்றில் காட்டுகிறாய் என்று நான் நினைத்தேன். நான்காம் நாள் வறுத்த மீன். உனக்கு உயிர். அதற்கும் நீ உட்காராமல் அடுப்படி வாசலில் நின்றதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னதான் உடம்புக்கு என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் சொன்னாய். பயிற்சியில் அதுதான் முதல் பாடமாம். தன் கீழ் இருக்கிற எல்லாருடைய தட்டிலும் சாப்பாடு விழுந்த பிறகுதான் அதிகாரி தட்டை எடுக்க வேண்டுமாம். பழகிப்போய்விட்டது, உட்கார்ந்தால் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது என்றாய். அம்மாவோ, இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது நான், நீ உட்கார் என்றாள். "நீ உட்காரும்மா" என்றாய். அவள் நகரவில்லை. நீயும் நகரவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது. ரெண்டு பட்டாளம் மோதும்போது பொதுமக்கள் ஒதுங்கிவிட வேண்டும் என்று சொல்லி உன் அண்ணன் தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டான். நானும் பின்னாலேயே போனேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், உன் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நீ பரிமாறிக்கொண்டிருக்கிறாய். இன்னொரு துண்டு வை என்று கேட்டு வேறு வாங்கிக்கொண்டாள். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

இனி நீ அறியாத கதை. நீ போன அடுத்த வாரம் அம்மா கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். மத்தியான நேரம். கட்டில் கட்டிலாகச் சாப்பாடு கொடுத்து முடித்திருந்தார்கள். சின்ன நர்ஸ்கள் இரண்டிரண்டு பேராகச் சாப்பிடப் போய்வந்தார்கள். உன் அம்மா ஒருத்திக்குக் கட்டுப் போட்டுவிட்டு, இன்னொருத்தருடைய கட்டித் தொங்கவிட்ட காலைச் சரிபார்த்துவிட்டு, எல்லாரும் திரும்பிய பிறகு மருந்து அலமாரிப் பக்கம் நின்றபடியே டப்பாவைத் திறந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து வார்டு ஆயா, "சிஸ்டர் எப்பவும் அப்படித்தான் சார், நாங்க சாப்பிட்டோமான்னு பாக்காம டப்பாவைத் தொடமாட்டாங்க" என்றார். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி. வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி சாயங்காலம் அவளிடம் எடுத்துவிட்டேன். உன் மகள் செய்வதும் நீ செய்வதும் ஒன்றுதான், அப்புறம் சரி சொல்லாமல் எதற்கு இந்த மௌன விரதம் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் வக்கீல் தொழில் அங்கேயே முடிந்தது. "ரெண்டும் ஒண்ணா? என் வார்டுல கடைசியா சாப்பிட்டா சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான். அங்கே எல்லாத்துலயும் கடைசி ஆளா நிக்கணும். ஒரு இடத்தை விட்டு ஓடி வர்றதுன்னாகூட அவதான் கடைசி" என்றாள். போய் காரைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கால் பிரேக்கின்மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை. முந்தாநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தானாகவே ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை உட்கார வச்சு முதல்ல சாப்பிட வச்சது அவ ஒருத்திதான், கவனிச்சீங்களா?" என்றாள். அதில் எனக்கும் ஒரு குட்டு இருந்தது. வாங்கிக்கொண்டேன். நீ அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லையாம், கெஞ்சவும் இல்லையாம், அசையாமல் நின்றாயாம். புதிதாக வருகிற நர்ஸ்களில் யார் பின்னாளில் வார்டை நடத்துவாள் என்று முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுமாம். "இவ சொன்னா நாலு பேர் கேப்பாங்க. கூட இருக்கிறதுங்களைப் பட்டினி போடமாட்டா" என்றாள். பிறகு உன் அண்ணனுடைய சட்டையை உதறி, ஒரு பித்தான் இல்லை என்று அவனைத் திட்டப் போய்விட்டாள்.

நேற்று வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பை. இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலம் அதுதான். கொப்புளத்தின்மேல் ஒட்டுகிற நாடா, பவுடர், ஒரு டஜன் காலுறை. ஈரக் காலுறையோடு ஒரு அடிகூட நடக்கக் கூடாது, கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது, கணுக்கால் வீங்கினால் வீரம் காட்டாமல் டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் வாலு, உன் முகாம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்கு எதற்கு ஒரு டஜன் காலுறை? நான் கேட்கவில்லை. நீ கெட்டிக்காரி, யோசித்துப் பார்.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடப் பெருமை ஒரு பிடி கூடுதலாகவே இருக்கிறது. பல் டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டி வாழ்த்துச் சொன்னார், ஓடுகிற காரில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு. அப்போது அழுத்தினேன்.

நீ எடுத்த காரியம் நல்லபடி நடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள், விட்டிருக்கிறேன்.

என்றும் உன்,
அப்பா

கண்ணம்மா,

அப்பா அளந்ததில் பாதியைத் தள்ளிவிடு. காலுறை கடையில் டஜனாகத்தான் தருவார்கள் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஜோடிகூடத் தருவார்கள். நான்தான் டஜனாகக் கேட்டு வாங்கினேன்.

உன் கீழே வருகிற பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள். அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடு, ஆனால் சாப்பிடாமல் இருந்துவிடாதே. எங்கே போனாலும் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக வா.

ஆனால் வந்துவிடு.

அம்மா