நான்கு பழைய டிரைவர் அட்டைகள்

12 மார்ச் 1987

சேலத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து நான்கு டிரைவர் அட்டைகள், மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் அட்டைகள், வாங்கி வந்தேன். ஏதோ ஆபீசில் காகித நாடாவில் துளை போட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு மிஷினின் மிச்சம். கூடவே அவை ஓட்டிய மோட்டார் ஒன்று. சாதாரண மோட்டார் கரண்ட் கொடுத்தால் சுற்றும். இது ஸ்டெப்பர், அட்டை ஒரு துடிப்பு அனுப்பினால் ஒரு படி நகர்ந்து நிற்கும். இருநூறு படி ஒரு சுற்று. சொன்னதை மட்டும் செய்யும் ஒன்று இந்த வீட்டுக்குள் வருவது இதுவே முதல் முறை.

ராசப்பன் வந்திருந்தான். என் மனைவி சௌந்திரத்தின் பெரியப்பா மகன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறான். எங்கள் வீட்டுப் பிரஸ்ஸில் இரும்புத் தகட்டை வெட்டி அடிக்கும் வாசர் எல்லாம் அவனுக்குத்தான் போகிறது. "ஏனுங் மாப்ள, நாமக்கல்ல இல்லாத டிரைவரையா சேலத்துல போயிப் புடிச்சீங்க?" சிரித்தேன். வேலை தருகிறவன்.

15 மார்ச்

எதற்கு இதெல்லாம் என்று எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொழுதுபோக்கு என்று பின்னால் நானே நம்பிவிடுவேன். போன ஐப்பசியில் பிரஸ் சௌந்திரத்தின் வலது கையில் கட்டை விரலையும் அடுத்ததையும் எடுத்தது. இப்போது தகட்டுப் பட்டையை இடது கையால் உள்ளே தள்ளுகிறாள். ஸ்டெப்பர் தள்ளினால் அந்தக் கை உள்ளே போக வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

அவள் கேட்டாள்: "ஏனுங்க, சட்டி எறக்கற இடுக்கியாட்ட நீளமா ஒண்ணு அடிச்சுக் குடுத்தா, அதுல புடிச்சுத் தள்ளிக்க மாட்டனுங்களா?"

மில் மூடும்வரை அங்கே பதினெட்டு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவனிடம், நூலகத்தின் இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பவனிடம் — இடுக்கி. விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். எனக்குப் புரிந்த அளவு அவளுக்கும் புரிந்திருக்கும்.

2 ஏப்ரல்

முதல் அட்டை புகைந்தது. வரைபடம் இல்லை. எந்தக் கம்பி எதற்கு என்று ஊகித்தேன்.

19 ஏப்ரல்

மோட்டார் நகர்ந்தது. டக், டக், டக். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் நவுருது" என்றாள். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டாள்.

7 மே

இரண்டாவது அட்டையும் போயிற்று. நான் சந்தைக்குப் போயிருந்தேன். ஸ்டெப்பர் நிற்கும்போதும் கரண்ட் இழுக்கும், அதனால் சுடும். அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஓடாத மோட்டார் சுட்டால் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் வீட்டுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டிருக்கிறாள். கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் பிடுங்கினால் அட்டை வெந்துபோகும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"சுட்டுச்சுங்க. பாவமா இருந்துச்சு."

கத்தினேன். அறிவு இருக்குதா உனக்கு என்றேன். மோட்டாருக்குப் பாவம் பார்க்கிறவளைப் போய் — சே. விரல் போன அன்றும் நான் முதலில் கேட்டது இதே கேள்விதான்.

8 மே

ஒரு விஷயம் எழுதாமல் விட்டிருக்கிறேன். பிரஸ்ஸின் முன்னால் இருந்த கம்பி வலையை ஐப்பசியில் கழற்றியது யார்? ராசப்பன் அவசரம் என்றான். வலை கையைத் தடுக்கிறது என்று நான்தான் கழற்றினேன். கையைத் தடுப்பதுதான் அதன் வேலை என்று அப்போது தோன்றவில்லை.

21 ஜூன்

நான்காவது அட்டை வாங்கும்போதே செத்தது. அதன் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கி மூன்றாவதில் வைத்தேன். ஓடுகிறது! பட்டை நகர்ந்ததும் பிரஸ் தானாக அடிக்கும்படி இணைத்தேன். காலால் மிதிக்கும் கட்டையைக் கழற்றி மூலையில் போட்டேன்.

"அது இருக்கட்டுங்க. நான் மிதிச்சாத்தான அது அடிக்கும்?"

"இனிமே நீ மிதிக்கவே வேண்டாம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

30 ஜூன்

ஒன்பது நாளாக ஓடுகிறது. சௌந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். ராசப்பன் பார்த்துவிட்டு, "மாப்ளைய இனிக் கையில புடிக்க முடியாதுங்கோ" என்றான். இரண்டு டம்ளர் மோர் குடித்தான்.

3 ஜூலை

சாயங்காலம் ஊரின் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் படுத்துவிடுகிறது. ஸ்டெப்பர் சில துடிப்புகளுக்கு நகர்வதே இல்லை. அட்டைக்கு அது தெரியாது. நகர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பிரஸ்ஸுக்கு உத்தரவு கொடுக்கிறது. நாட்டு நடப்பு பற்றித் தலையங்கம் எழுதுகிறவர்கள் வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சரி செய்ய வேண்டும். அதுவரை, பட்டை நின்றால் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

4 ஜூலை

கூப்பிட்டிருக்கிறாள். பிரஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பட்டை பாழாகிறதே என்று இடது கையால்

9 ஜூலை

சேலம் பெரியாஸ்பத்திரி. இந்தக் கையிலும் அதே இரண்டு.

மிதிகட்டை இருந்திருந்தால் அவள் கால் மிதிக்காமல் நின்றிருக்கும். ஒன்பது வருடமாக அவள் காலுக்குத் தெரிந்தது அட்டைக்குத் தெரியவில்லை. எனக்கும்.

எந்த மிஷின் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் சொன்னாள்: "கையைக் காப்பாத்தறதுக்குன்னு இவிய செஞ்ச மிஷினுங்க." அதில் கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

2 ஆகஸ்ட்

வலையைத் திரும்பப் பூட்டினேன். மிதிகட்டையையும். கொல்லுப்பட்டறை வீரன் முழ நீளத்துக்கு இடுக்கி அடித்துக் கொடுத்தான். அரை மணி நேர வேலை. வீட்டுக்கு வந்ததும், பிரஸ்ஸில் உட்காருகிறவள் அவள் என்ற பழக்கத்தில், அவளிடமே நீட்டிவிட்டேன்.

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இடுக்கியையே பார்த்தாள்.

நான் உட்கார்ந்து அடித்தேன். வலைக்கு அடியில் இடுக்கி மட்டும் போய் வந்தது.

"நல்லாப் புடிக்குதுங்களா?"

"புடிக்குது" என்றேன். பொழுது சாயும்வரை ஒரு தடவைகூட நழுவவில்லை.