வரிசைக் கடைசியில் குஞ்சம்மாள்

பாண்டியம்மாளுக்கு, சென்னையிலிருந்து சுப்பையா சொல்லச் சொல்லக் கேண்டீன் பெண் எழுதுவது. நான் சுகம். பேத்துப்பாறையில் பனி இறங்கியிருக்குமே, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் கடிதம்.

மியூசியத்தில் ஓவியர்கள் பேசுகிற கூட்டம் நடக்கும். ஆள் குறைந்தால் கேட்டில் காவல் நிற்கிற எங்களையும் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சனிக்கிழமை பேசிய அம்மா சிலோன் தோட்டத்துப் பழைய போட்டோவைத் திரையில் காட்டினார். வரிசைக் கடைசியில், நாம் அங்கேயே விட்டுவந்த உன் தங்கை குஞ்சம்மாள், நாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின வருஷத்துச் சட்டையோடு நிற்கிறாள். எழுந்துவிட்டேன்.

“அம்மா, அது எங்க கொழுந்தியாங்க. இப்ப எங்கன இருக்கா?”

“கொழும்புல பழைய சாமான் கடையில வாங்கின படங்கய்யா. அந்தத் தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்த ஆளுகள நானும் தேடினேன். ஒருத்தரும் அகப்படல.”

எல்லோரும் கை தட்டினார்கள், எதற்கென்று விளங்கவில்லை. “பெருசு, ஒக்காரத்தான சொன்னேன், பேசவா சொன்னேன்?” என்று சூப்பர்வைசர் சிரித்தான்.

நாளை அந்தப் படம் வெளிநாடு போகிறது. பெட்டியில் வைத்து ஆணி அடிப்பது என் சோலி.

கொஞ்சம் மலைப்பூண்டு கொடுத்துவிடு. எழுதுகிற இந்தப் பிள்ளைக்குப் பஸ் வந்துவிட்டது. என்றாவது வருவாள் என்று பொங்கலுக்குப் பொங்கல் குஞ்சம்மாளுக்காக எடுத்துவைத்த சேலைகளை இனி நீயே கட்டிக்கொள்.

சுப்பையா