பருத்திக்குப் பதினாறு நாள்

அம்மா,

வெள்ளிக்கிழமை தம்பியின் கிரகப்பிரவேசத்துக்கு மண்ணச்சநல்லூர் வரமாட்டேன். சாவு விழுந்த வீட்டிலிருந்து சுபகாரியத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நீதான்.

"நாய்க்கெல்லாம் யாருடி தீட்டு காப்பாங்க? ஊரே சிரிக்கும்" என்று போனில் கத்தினாய். சிரிக்கட்டும்.

பருத்தியின் சிறுநீரகம் கெட்டதிலிருந்து பதினோரு நாள், டாக்டர் காட்டிக்கொடுத்தபடி நானே வீட்டில் டிரிப்ஸ் ஏற்றினேன். ஊசி குத்திய கையையே நக்கினான். அழ வேண்டியதை அப்போதே அழுது தீர்த்துவிட்டதாக நினைத்தேன். ஞாயிறு காலை கொல்லையில் அவனைப் புதைத்துவிட்டுத் தலைக்குக் குளித்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்து, அவனுக்கென்று ஒரு உருண்டை தயிர்சாதத்தைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தேன்.

அது யார் பழக்கம் அம்மா? ஸ்ரீரங்கம் வரும்போதெல்லாம் "சீ, தள்ளிப் போடா" என்று திட்டிக்கொண்டே முதல் உருண்டையை அவனுக்குப் போட்டது யார்?

இரண்டே முறை பார்த்த பெரியப்பாவுக்குப் பதினாறு நாள் கோயில் பக்கம் போகாமல் இருந்தேன். பத்து வருடம் என் கட்டிலடியில் படுத்தவனுக்கும் இருப்பேன்.

எனக்குக் காய்ச்சல் என்று சமாளிக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். அவள் வீட்டில் ஒரு சாவு என்று சொல். யார் என்று கேட்பார்கள். அவன் பெயரைச் சொல்.

உன் மகள்