நாற்காலியோடு சேர்த்துத்தான் எடை

சாலிஸ், ஐடஹோ
அக்டோபர் 9

அன்புள்ள டாரெலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று தொடங்கத்தான் கை வருகிறது. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? எனக்குத் தூக்கம் போய்ச் சில நாளாகிறது. உன் மகள் டெஸ்ஸா மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறாள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதமாவது முழுசாகப் பேசட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுச் சொந்தக்காரர் மறுபடி வந்தார். வீட்டை வாங்கியவர்கள் மாதக் கடைசியில் குடிவருகிறார்களாம். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு நோரீன், ஆனா நான் என்ன பண்ணட்டும்" என்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். அவர்மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. இந்த ஊரில் வேறு வீடும் இல்லை.

நீ வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றுக்கு வந்த ஆட்கள் அங்கே காருக்குள்ளேயே படுக்கிறார்கள், வாடகைக்கு ஒரு கொட்டகைகூடக் கிடைக்காது என்று சொன்னவன் நீதான். ஒரு டிரெய்லர் வீடு வாங்கி, நம் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு வா, அதிலேயே குடும்பம் நடத்தலாம் என்றும் சொன்னாய். அதைக் கேட்டு நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியாது. சந்தோஷத்தில்தான் அழுதேன். நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டதே.

நீ பார்த்து வைத்திருந்த முப்பது அடி டிரெய்லரைப் பார்க்க ஐடஹோ ஃபால்ஸுக்குப் போனேன். அழகில் குறையே சொல்ல முடியாது. கதவு வைத்த படுக்கையறை, பெரிய அடுப்பு, சோபா எல்லாம் இருக்கிறது. விற்பவன் நம் பிக்கப்பைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாயிரம் பவுண்டு எடை இழுக்கும் மேடம் இந்த வண்டி. கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றான். கண்ணைத் திறந்துகொண்டே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். சரிவில் இறங்கும்போது ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான், டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டம் போட ஆரம்பித்தது. பிக்கப் பின்பக்கம் குந்திக்கொண்டது, ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. அத்தனை நேரம் வாய் ஓயாமல் பேசியவன் "யேசுவே, யேசுவே" என்று கதவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே வேறு சாமானே இல்லாதபோது இந்தக் கதி.

திரும்பி வந்து, ஓட்டுநர் கதவுக்குள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தேன். வண்டி இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. வண்டிக்குள் ஏறும் ஆட்கள், சாமான், கொக்கியில் டிரெய்லர் அழுத்துகிற பாரம், எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நானூறு பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த டிரெய்லரில் தண்ணீரும் சாமானும் ஏற்றினால் கொக்கியில் மட்டுமே ஆயிரத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் நான், டெஸ்ஸா, அவளுடைய மோட்டார் வைத்த சக்கர நாற்காலி. நாற்காலி மட்டும் முந்நூற்றைம்பது. டிரெய்லருக்குள் ஏற்றலாமென்றால் அதன் வாசலில் நாற்காலி நுழையாது.

உன்னைக் கூப்பிட்டேன். "எல்லாத்தையும் நான் கணக்குப் போட்டாச்சு, சரியா வருது. நீ சும்மா நோண்டிக்கிட்டு இருக்காத" என்றாய். நீ கணக்கில் புலி, டாரெல். நீ தப்பு விட மாட்டாய் என்று நம்பித்தான் மறுபடி உட்கார்ந்தேன். கணக்கிலிருந்து உன் கருவிப் பெட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. ஜெனரேட்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. கடைசியில் டெஸ்ஸாவையும் நாற்காலியையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

என் மண்டைதான் குழம்பிவிட்டது, என் டாரெல் அப்படி நினைக்க மாட்டான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் உன் அக்கா வோண்டா பாய்சியிலிருந்து கூப்பிட்டாள். "வசந்தம் வரைக்கும் புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்னு தம்பி சொன்னான். கீழ் ரூமைக் காலி பண்ணி வச்சிட்டேன், எப்பக் கொண்டாந்து விடற?" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டெஸ்ஸா கேட்டுவிட்டாள். முதலில் சிரித்தாள். "எடையக் குறைக்கணும்னா நீதாம்மா மொதல்ல குறையணும், நான் தொண்ணூறு பவுண்டுதான்" என்று என்னைக் கிண்டல் செய்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு, "நாற்காலிய மட்டும் விட்டுட்டுப் போலாம்மா. நான் அங்க படுத்துக்கிட்டே இருந்துக்கறேன். அப்பாவுக்குச் செலவு வைக்க மாட்டேன்" என்றாள். பதினைந்து வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது?

உன்னைக் கேட்காமல் வேறொரு டிரெய்லர் வாங்கிவிட்டேன். மோட்டார் பைக் ஏற்றுவதற்காகச் செய்தது, சின்னது. பின்சுவரை இறக்கினால் அதுவே சாய்தளமாகிவிடுகிறது, நாற்காலி தானே ஏறிப் போகிறது. நாற்காலியைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கட்டி, தண்ணீர், எரிவாயு, துணிமணி எல்லாம் ஏற்றி, டெஸ்ஸாவை என் பக்கத்தில் உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கிற எடை மேடையில் நிறுத்தினேன். எல்லாமே அளவுக்கு உள்ளே. அதே மாதிரிச் சரிவில் இறக்கிப் பார்த்தேன், சொன்னபடி கேட்டது. டெஸ்ஸா கைதட்டினாள். அடுப்பு ஒன்றுதான், கழிப்பறையில் முட்டி இடிக்கும். படுக்கை இரண்டே இரண்டு. மூன்றாவது ஆள் நடுவில் தரையில்தான் படுக்க வேண்டும். உன் உயரத்துக்குக் காலை நீட்ட முடியாது.

வருகிற திங்கட்கிழமைக்குப் பிறகு என்னால் காத்திருக்க முடியாது. லாஸ்ட் டிரெயில் கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். மலையில் நான் எதையும் இழுத்து ஓட்டியதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓட்டிவிடுவேன். மலையிலிருந்து இறங்கிப் பியூட் ஊரைத் தொட்டதும், கிழக்கே திரும்பினால் நீ இருக்கிறாய். வேறு பக்கம் திரும்பினால் எங்கே போவேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

அதனால் ஒன்று செய். என்னைக் கூப்பிட வேண்டாம், என்னோடு பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். டெஸ்ஸாவைக் கூப்பிடு. "நீயும் வா, கண்ணு" என்று உன் வாயால் அவளிடம் சொல். திங்கட்கிழமை காலைக்குள் சொல். அவளுடைய எண் பழைய எண்தான்.

கிணற்று மேட்டில் இருக்கும்போது ஆண்டவர் உன் கையையும் காலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
நோரீன்