எண்ணெயும் இல்லை, தீயும் இல்லை

மார்ச் 18, செவ்வாய்

பகலில் வெயில், நாலு மணிக்கு மேல் மழை.

இது யார் கையில் கிடைத்தாலும் இந்த வரியோடு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள், ஆனால் அப்பாவிடம் காட்டாதீர்கள். அத்தையிடம் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முடியும் வரையாவது.

ஞாயிறு அப்பா தீ மிதிக்கிறார். நேற்று கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு, வலது கையில். போன வருடம் டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மனுக்கு நேர்ந்தது. எனக்காக. காப்புக் கட்டியவர் வீட்டில் கவிச்சி கூடாது. இறைச்சி, மீன், முட்டை, எதுவும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இன்று நான் இந்த வீட்டில் கோழி சமைத்தேன்.

மனைப் பொருளியல் ஒப்படை. இரண்டு பேர் சேர்ந்து எண்ணெய் குறைந்த இரவுச் சாப்பாடு ஒன்று செய்து, அதை வீடியோ எடுத்து, வியாழனுக்குள் டீச்சருக்கு அனுப்ப வேண்டும். என் ஜோடி ஷிபானா. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வருகிறவள். எங்கள் வீட்டில்தான் எயார் ஃப்ரையர் இருக்கிறது. அம்மா குவைத்திலிருந்து அனுப்பியது, அலுமாரிக்கு மேல் பெட்டியோடு கிடந்தது. கோழி என்று எப்போதோ முடிவாகிவிட்டது. இரண்டு முறை நான்தான் சமைக்கிற நாளை மாற்றினேன். இன்னொரு முறை மாற்ற வாய் வரவில்லை.

நான் யோசித்தது இப்படி. கவிச்சியை அடுப்பில் ஏற்றக்கூடாது. இது அடுப்பு இல்லை. தீ இல்லை. எண்ணெய் ஒரே ஒரு கரண்டி. சமையலறையில்கூட இல்லை, என் அறையில், படிக்கிற மேசையில். சமைப்பேன், சாப்பிட மாட்டேன். எல்லாவற்றையும் ஷி. கொண்டுபோய்விடுவாள்.

மத்தியானம் சரியாகத்தான் பட்டது.

செய்முறை (ஒப்படைக் கொப்பியில் எழுத வேண்டும்):
எலும்பில்லாத கோழி, சின்னத் துண்டுகளாக. உப்பு, மிளகு, உள்ளி, எண்ணெய் ஒரு கரண்டி.
கரட், போஞ்சி, கறிமிளகாய். கரட்டை மெல்லிசாக வெட்டாவிட்டால் வேகாது.
200இல் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒரு தடவை குலுக்க வேண்டும்.
கித்துல் பாணி (இனிப்புப் பாகு), சோயா சோஸ், தேசிக்காய், கொச்சிக்காய்த் தூள். இதைக் கலந்து கடைசியில் ஊற்றி இன்னும் நாலு நிமிடம். பளபளவென்று வரும்.

ஷி. போனைப் பிடித்துக்கொண்டாள், நான் பேசினேன். "பாணிய கடைசியிலதான் ஊத்தணும். மொதல்லயே ஊத்துனா கருகிரும்." ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

தட்டில் கொட்டியதும் ஷி., "உப்பு பாரு புள்ள" என்றாள்.

"நீயே பாரு."

"நான் நோன்பு. மறந்துட்டியா?"

"சரியாத்தான் இருக்கும்."

"டீச்சர் உப்பு எப்பிடின்னு கேட்டா என்னத்த செல்லப்போற?"

ஒரு துண்டு எடுத்தேன். உப்புச் சரி. பிறகு இன்னும் இரண்டு. பாணி ஒட்டிய கறிமிளகாயும். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள் ஜன்னலைத் திறந்து, கொப்பி மட்டையால் வாசனையை வெளியே விசிறிக்கொண்டிருந்தாள். காப்புக் கட்டிய வீட்டுப் பிள்ளை நான் விரலை நக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காப்பு விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை.

மிச்சத்தை டப்பாவில் போட்டு, "நோன்பு தொறக்க நல்ல சாமான்" என்று சொல்லி பஸ் பிடிக்க ஓடினாள்.

எயார் ஃப்ரையர் கூடையைக் கழுவினேன். சாம்பிராணி போட்டேன். அப்பா வேலை விட்டு வந்தவர், "என்ன பாப்பா, இந்நேரத்துக்கே சாம்பிராணி?" என்றார்.

"நுளம்பு கடிக்குது, அப்பா."

"அதான் சரி. கவனமா இரு." அவருக்குச் சந்தோஷம்.

மார்ச் 19, புதன்

மழை இல்லை. கணிதம் பயிற்சி 7, செய்யவில்லை.

மடுல்கெல்லயிலிருந்து அத்தை வந்திருக்கிறார். அப்பாவின் தங்கை. ஞாயிறு வரை இங்கேதான், என் அறையில்தான் படுக்கை. அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பாடசாலை விட்டு வரும்போதே எயார் ஃப்ரையர் சமையலறைக்கு வந்திருந்தது. அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணி இவ்வளவு தூரத்துல இருந்து அனுப்பிருக்கு, இத தூக்கி அலுமாரி மேல வச்சா என்ன அர்த்தம், மருமகளே? எண்ணெ இல்லாம வேகுமாமே. விரதக்காரருக்கு இதவிட நல்லது உண்டா?"

வற்றாளங்கிழங்கை வெட்டி வைத்திருந்தார். அப்பாவின் ஒருவேளைச் சாப்பாடு. நான் வாசலில் நின்றேன். வேண்டாம் அத்தை என்றால் ஏன் என்று கேட்பார். பட்டனைக்கூட நான்தான் அழுத்திக் காட்டினேன்.

அப்பா குளித்து, விளக்கேற்றி, உட்கார்ந்தார். முதல் துண்டை வாயில் வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"என்ன போட்ட? பாணி வாசம் வருது."

"ஒண்ணும் போடலண்ணே. கெழங்கு இனிப்பு."

"நல்லாருக்கு. இன்னும் ரெண்டு வையி."

எல்லாரும் எழுந்த பிறகு கூடையின் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். நேற்று மேலே மட்டும்தான் கழுவியிருக்கிறேன். தட்டுக்கு அடியில் பாணி கறுத்து ஒட்டியிருந்தது. அதோடு கோழிக் கொழுப்பு, வெள்ளையாக உறைந்து. கத்தியால் சுரண்டினேன்.

நான் சாப்பிட்டது என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது அவரையும் சாப்பிட வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் பனி. வீடியோ அனுப்பியாயிற்று. அனுப்பாமல் விட்டால் ஷி.க்கும் புள்ளி இல்லை.

கோயில் வளவில் விறகு வந்து இறங்கியிருக்கிறது. அப்பாவுக்குத் துண்டு கொடுக்கப் போனபோது பார்த்தேன். தீக்குழி நான் நினைத்ததைவிட நீளம்.

மூன்று பேரும் திரும்பி வரும்போது அத்தை வழியெல்லாம் கதை. அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் தீ மிதித்து, இரண்டு காலும் கொப்புளம். விசாரித்தால் வீட்டில் மருமகள் முட்டை பொரித்திருக்கிறாளாம்.

"ஒரு முட்ட. ஒரே ஒரு முட்ட. அம்மன் சும்மா விடுவாளா?"

அப்பா சிரித்தார். "தணல ஒழுங்கா பரத்தியிருக்க மாட்டாங்க."

"அப்பிடிப் பேசாதீங்கண்ணே, கையில காப்ப வச்சிக்கிட்டு."

"சுட்டா சுட்டுட்டுப் போவுது. புள்ள பொழச்சி வந்துச்சி. நேந்தது நேந்ததுதான்."

என் தலையில் கை வைத்தார். காப்பு நெற்றியில் பட்டது. மஞ்சள் வாசம்.

எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தார். எயார் ஃப்ரையர் வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். "ஏன் புள்ள மொகம் ஒரு மாதிரி இருக்கு?" பக்கத்தில் அத்தை. வகுப்பில் சோதனை வருது என்று சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

வெயில். சப்பாத்து கடிக்கிறது.

எங்கள் வீடியோதான் வகுப்பிலேயே நல்லதாம். டீச்சர் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "இத பெற்றோர் குரூப்ல போடுறேன். எல்லா அம்மாமாரும் பாக்கட்டும்" என்றார்.

அந்தக் குரூப்பில் எங்கள் வீட்டிலிருந்து அப்பாவின் நம்பர்தான் இருக்கிறது.

"வேணாம் டீச்சர்."

"ஏன், வெக்கமா?"

பின்வரிசை சிரித்தது. இடைவேளையில் ஷி. என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு, கிழங்கு, தட்டுக்கு அடியில் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏன்டி அன்டைக்கே செல்லல்ல? செல்லீந்தா நான் கோழியத் தூக்கிட்டு ஒங்கட ஊட்டுக்கு வருவேனா? வெறும் மரக்கறியில செஞ்சீக்கலாமே."

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

"எனக்குத் தெரியாம ஒருத்தர் பன்றி சமச்ச சட்டியில எனக்குச் சோறு போட்டா நான் என்ன செய்வேன் தெரியுமா? சமச்சவளவிட, தெரிஞ்சிக்கிட்டு பாத்துக்கிட்டு நின்டவளோடத்தான் பேச மாட்டேன்."

மணி அடித்தது. போகும்போது திரும்பி வந்து, "வாப்பாட்ட செல்லு. மிதிக்கிறதுக்கு முந்தி செல்லு" என்றாள். அவள் வாப்பா என்றது என் அப்பாவை.

மார்ச் 22, சனி

மேகம். மழை வந்தால் தீ மிதிப்பு தள்ளிப்போகுமா என்று காலையில் யோசித்தேன். வரவில்லை.

செய்தது: வீடு கழுவினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அப்பாவின் வேட்டியை மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டேன். அத்தையோடு மாவிளக்குக்கு மா இடித்தேன்.

செய்யாதது: சொல்வது.

மூன்று தடவை அப்பா பக்கத்தில் போனேன். முதல் தடவை அத்தை இருந்தார். இரண்டாம் தடவை கோயில்காரர்கள். மூன்றாம் தடவை யாரும் இல்லை. வாசலில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பித்தவெடிப்புக் கால். என்ன பாப்பா என்றார். சவர்க்காரம் வேண்டுமா என்று கேட்டேன்.

சொன்னால் இரண்டில் ஒன்று. காப்பை அவிழ்த்துவிட்டு எல்லார் முன்னாலும் தலை குனிந்து நிற்பார். இல்லையென்றால் தெரிந்துகொண்டே மிதிப்பார். சொல்லாவிட்டால் தெரியாமல் மிதிப்பார். ஷி. சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பார்த்துக்கொண்டு நின்றவள்.

விடிய நாலு மணிக்குக் குளிக்கப் போவார். அத்தை எழும்புவதற்கு முன்னால். அப்போது சொல்லிவிடுவேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்: அப்பா, நான் செவ்வாய்க்கிழமை வீட்டில் கோழி சமைத்தேன். சாப்பிட்டேன். கூடையைச் சரியாகக் கழுவவில்லை. நீங்கள் சாப்பிட்ட கிழங்கு அதில் வெந்தது. அத்தைக்குத் தெரியாது. தீயில் சுடுகிற கால் என்னுடையதாக இருக்கட்டும், நீங்கள்

பக்கத்து அறையில் போன் சத்தம். அப்பா இன்னும் தூங்கவில்லை. யாரோ பேசுகிற மாதிரி. பெண் குரல்.

என் குரல்.

"பாணிய கடைசியிலதான் ஊத்தணும். மொதல்லயே ஊத்துனா கருகிரும்."

நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து போடுகிறார். இந்தத் தடவை சத்தத்தைக் குறைத்து. அத்தை எழும்பக்கூடாது என்றுதான் இருக்கும்.

உப்பு பாரு புள்ள. ஷி.யின் குரல். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறோம்.

நின்றுவிட்டது. கதிரை நகர்கிறது. சமையலறைப் பக்கம்தான் வருகிறார். எயார் ஃப்ரையர் என் முன்னால்தான் இருக்கிறது, அதை எங்கே

தட்டுகிறார். மெதுவாக, ஒரு விரலால். "பாப்பா" என்று